கொச்சி வாட்டர் மெட்ரோ: ஹைகோர்ட் – ஃபோர்ட் கொச்சி படகு

கொச்சியை ஏற்கெனவே பார்த்தவர்கள் நண்பர்களோடு மறுபடி ஒருநாள் நிதானமாகச் சுற்ற நினைத்தால், காரை எர்ணாகுளத்திலேயே விட்டுவிட்டு, அங்குள்ள ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் வாட்டர் மெட்ரோ என்ற நகரப் படகில் ஏறுவது நல்லது. ஃபோர்ட் கொச்சியின் குறுகிய தெருக்களில் பார்க்கிங் தேடும் பாடு மிச்சம். 2024இல் இந்த வழி தொடங்கியபோது கட்டணம் 40 ரூபாய். ஏறத்தாழ 20 நிமிடப் பயணம்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மெட்ரோ ரயிலில் வைற்றிலா வந்து, பக்கத்திலேயே படகு முனையம் இருக்கிறதே என்று இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து புறப்படுவது காக்கநாடு படகு. ஃபோர்ட் கொச்சிக்கு ஹைகோர்ட் முனையத்துக்குத்தான் போக வேண்டும். எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிப்பது எளிது.

படகு கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்தது. அலுமினிய உடல், அடியில் இரட்டைத் தோணிபோல் இரண்டு பகுதிகள். இந்த அமைப்புக்கு உலகம் முழுக்க வழங்கும் 'கட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பேட்டரியில் ஓடுவதால் டீசல் வாடையும் இரைச்சலும் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். ஏறும் மேடை நீரில் மிதக்கிறது. கடல் ஏறினாலும் வற்றினாலும் படகின் தளத்தோடு அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சிரமமின்றி ஏற இதுதான் காரணம். இந்த ஒன்றுக்காகவே முழு மதிப்பெண் தரலாம்.

போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள் அருகில் தெரியும். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு.

குறை இரண்டு. ஏசி படகு என்பதால் ஜன்னல் திறக்காது, காயல் காற்று முகத்தில் படாது. கண்ணாடிக்குள்ளிருந்து எடுக்கும் படத்தில் நம் முகமே பிரதிபலிக்கும். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் ஓரளவு சரியாகும். அடுத்தது, 100 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்புக்கு அது சரிதான், ஆனால் விடுமுறை நாள் மாலையில் திரும்பும் வரிசை நீண்டுவிடும். எட்டுப் பேராகப் போனால் பாதிப்பேர் ஒரு படகிலும் மீதி அடுத்ததிலும் வர நேரலாம்.

அதற்கு வழி, போன இடத்திலிருந்தே திரும்பாமல் இருப்பது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி முனையமும் திறந்துவிட்டது. காலையில் ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, சீன மீன்பிடி வலைகளையும் 1503இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு மட்டாஞ்சேரிக்கு நகர்ந்து, அங்கிருந்தே படகேறலாம். கடைசிப் படகு நேரத்தைக் காலையிலேயே கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழமையையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூத தேவாலயத்துக்குச் சனி. வலையருகே மீன் வாங்கிப் பக்கத்துக் கடையில் சமைக்கக் கொடுப்பதானால், மீனின் கிலோ விலையையும் சமையல் கூலியையும் தனித்தனியாக முதலிலேயே பேசிவிடுங்கள்.

காற்றுத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகள் இன்னும் ஓடுகின்றன. கட்டணமும் பல மடங்கு குறைவு. ஒரு வழி இதில், மறு வழி அதில் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கொச்சியும் கிடைக்கும்.