பகா எண் சோதனை: மில்லர்-ராபினா, லூக்காஸ்-லேமரா?

உதகையில் முதுகலைக் கணிதம் பயிலும் மாணவர்கள் சிலர் ஆய்வேட்டுக்கு இவ்விரண்டில் எதை எடுப்பது என்று தயங்குவதால் இந்த ஒப்பீடு.

பொருந்தும் எண்: மில்லர்-ராபின் எந்த ஒற்றைப்படை எண்ணையும் சோதிக்கும், லூக்காஸ்-லேமர் மெர்சென் எண்களுக்கு (2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைப்பவை, 31 = 2⁵ − 1 போல) மட்டுமே.

உறுதி: முன்னதில், பகு எண் ஒன்று ஒரு சுற்றில் (தற்செயலாக எடுத்த ஓர் எண்ணைக் கொண்டு செய்யும் ஒரு சோதனையில்) பகா எண் போலத் தப்பிவிடும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று என்பதால், சுற்றுகளைக் கூட்டினாலும் ஐயம் குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. பின்னதில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால், உரிய படியில் சுழியம் வருவதே முழு நிரூபணம். 31-க்கு 4, 14, 8, 0 எனக் குறிப்பேட்டின் ஓரத்திலேயே முடிந்துவிடும் இந்த அழகு மற்றதில் இல்லை.

உழைப்பு: 2024-இல் உறுதியான, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் லூக்காஸ்-லேமருக்கு உரியது, மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகும் விடுதியில் அந்த அளவை முயல வேண்டாம்.

குறியாக்கத்துக்குப் பகா எண் தேடுவோர் மில்லர்-ராபினையும், நிரூபணத்தை வரிவரியாக எழுதிக்காட்ட விரும்புவோர் லூக்காஸ்-லேமரையும் எடுக்கலாம்.