மவுண்டன் டல்சிமர்: டி-ஏ-ஏ சுருதியா, டி-ஏ-டி சுருதியா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பாட்டுகளை மவுண்டன் டல்சிமர் என்ற தந்திக் கருவியில் வாசிக்க இறங்குபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, தந்திகளை எந்தச் சுருதியில் கூட்டுவது என்பதை. கருவியை மடியில் கிடத்தினால் எட்ட இருக்கும் தடித்த தந்தி டி, நடுத்தந்தி ஏ (மேலை இசையின் ஸ்வரப் பெயர்கள்). இரண்டு முறையிலும் இதில் மாற்றமில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தந்தியில்தான் பாட்டு ஓடுகிறது. அதை ஏ-யில் வைப்பதா, டி வரை ஏற்றுவதா?

டல்சிமரில் கிட்டாரைப் போல எல்லா அரைஸ்வரங்களுக்கும் ஃப்ரெட் (தந்தியை அழுத்தும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பி) கிடையாது. அதனால் ஸட்ஜம் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். டி-ஏ-ஏ-யில் அது 3ஆம் ஃப்ரெட். அங்கிருந்து 10 வரை சங்கராபரண ஸ்வரங்கள் அப்படியே வரும். கீழேயும் ப, த, நி கைவசம் இருக்கும். டி-ஏ-டி-யில் எங்கும் அழுத்தாத திறந்த தந்தியே ஸ. 6ஆம் ஃப்ரெட்டில் கைசிகி நிஷாதம் என்பதால் கிடைப்பது ஹரிகாம்போதி. காகலி நிஷாதம் வேண்டுமென்றால் 6-க்கும் 7-க்கும் நடுவே கூடுதலாக 6½ ஃப்ரெட் இருந்தாக வேண்டும். கைவேலைக் கருவி வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

'அமேசிங் கிரேஸ்' முதல் வரி ப–ஸ–கஸ–க–ரி–ஸ–த–ப. தொடக்கமும் முடிவும் கீழ்ப் பஞ்சமம். டி-ஏ-ஏ-யில் ஃப்ரெட் எண்கள் (0 என்றால் திறந்த தந்தி) 0, 3, 5-3, 5, 4, 3, 1, 0: ஒரே தந்தியில் முடிந்துவிடும். டி-ஏ-டி-யில் அந்தப் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் நடுத்தந்திக்குத் தாவ வேண்டும் (அதன் 0, 1). விரலுக்குப் பதில் தந்தியை அழுத்தும் நோட்டர் குச்சியைப் பிடித்தவருக்கு அங்கேயே வரி உடையும்.

குச்சியோடு வாசிப்பதே பழைய மலைப் பாணி. அதற்கு டி-ஏ-ஏ-தான் சரி. விரல் பருமனில், 3–4 அங்குல மூங்கிலோ கட்டை மரமோ போதும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் ஃப்ரெட்பலகையின் ஓரத்தை உரசியபடி போகட்டும். ஃப்ரெட்டின் மேலேயே அழுத்தினால் ஒலி மங்கும். அதற்குச் சற்று இடப்பக்கம் அழுத்துங்கள். குச்சி நுனி நடுத்தந்தியில் பட்டால் ரீங்காரம் செத்துவிடும். தம்பூரா போல அது விடாமல் ஒலிப்பதில்தானே இந்தப் பாணியின் அழகு!

மூன்று தந்திகளிலும் விரல் வைத்துக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடிக்க டி-ஏ-டி. தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் டி 0-0-2, ஜி 0-1-3, ஏ 1-0-1. கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் இடங்களில் இன்று பெரும்பாலும் இதுதான். ஆனால் பழைய டல்சிமர்கள் பலவற்றில் ஃப்ரெட் கம்பி பாட்டுத் தந்திக்கு அடியில் மட்டுமே இருக்கும். அவற்றில் கார்டுக்கு வழியே இல்லை.

அடிக்கடி மாற்றி மாற்றிக் கூட்டுபவர்கள் தந்தியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏ-யிலிருந்து டி-க்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 1.8 மடங்காகும், துருப்பிடித்த தந்தி அதன் நுனி வளையத்தின் முறுக்கில் அறுந்துபோகும். டி-க்குப் போட்ட மெல்லிய தந்தியை ஏ-க்கு இறக்கினால் தொய்ந்து அதிரும், குச்சி அழுத்தும்போது சுருதி ஏறும். 27–28 அங்குல நீளத்துக்கு டி-யில் 0.012, ஏ-யில் 0.014 அங்குலத் தந்தி பொருந்தும். மாற்றிய பிறகு 7ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தை, அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியோடு ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால், பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கும் குதிரை) நகரக்கூடியதாயின், அதை மறுமுனையில் தந்தி தாங்கும் நட்டிலிருந்து இம்மி விலக்குங்கள்.

சோகப் பாட்டுகளுக்கு முழுதாக மாற வேண்டியதில்லை. டி-ஏ-டி-யில் இருப்பவர் பாட்டுத் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி சி-யில் வைத்து 1ஆம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கினால் நடபைரவி. டி-ஏ-ஏ-காரர் ஜி-க்கு இறக்கி 4இலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா.