பதினைந்து வயதுப் பையனுக்கு விருந்து உடை: ஆர்ச்சர்டில் யுனிக்லோ, தேக்காவில் தையல்

வளர்கிற பையனுக்கு ஸ்மார்ட் கேஷுவல் உடை எடுக்க வேண்டுமா? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு என் யோசனை: சட்டையையும் கால்சட்டையையும் ஆர்ச்சர்ட் சென்ட்ரல் கடைத்தொகுதியில் உள்ள யுனிக்லோ துணிக்கடையில் எடுங்கள், நீளம் குறைக்க லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குக் கொண்டு போங்கள். என் அக்கா மகனுக்கு இப்படித்தான் எடுத்தேன். முழுத் திருப்தி.

அவன் உயர்நிலை 3 படிக்கிறான். சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்த விருந்து, ஹோட்டலில். ஜிப்பா வேண்டாம், கோட்டும் வேண்டாம், அதற்காக டி-சட்டை பெர்முடாவில் போய் நிற்கவும் முடியாது. தாய்மாமன் நான் இருக்கும்போது உடை எடுத்துக் கொடுப்பது என் உரிமை, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இந்த வயதில் அளவுதான் பெரிய சிக்கல். யுனிக்லோவில் சிறுவர் அளவு 160 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். எங்கள் பையன் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டான், உடம்பு மட்டும் இன்னும் ஒல்லி. பேட்டைக் கடை ஒன்றில், “வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசா எடுங்க” என்றார்கள். இந்த யோசனையை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தோள் தையல் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் இறங்கிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரவல் சட்டை மாதிரிதான் தெரியும். நீளத்தைத் தையல்காரர் சரிசெய்துவிடுவார், தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் சட்டையையே பிரிக்க வேண்டும்.

யுனிக்லோ சிங்கப்பூருக்கு 2009இல் தெம்பனிஸ் 1 கடைத்தொகுதி வழியாக வந்தது. ஆர்ச்சர்ட் சென்ட்ரலில் இருக்கும் பெரிய கடை 2016இல் திறந்தது. பேட்டைக் கிளைகளில் அளவு தீர்ந்து போயிருந்தாலும் இங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், பணியாளர்கள் பின்னாலேயே வந்து நிற்பதில்லை. கூச்சப்படுகிற வயதில் இது பெரிய விஷயம். இவன் பாட்டுக்கு நான்கைந்து சட்டைகளை அள்ளிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டான்.

நான் முதலில் வெள்ளைச் சட்டையை நீட்டினேன். “வெள்ளையா மாமா? ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கும்” என்றான். நியாயமான பேச்சு. இங்கே எத்தனையோ உயர்நிலைப் பள்ளிகளுக்கு வெள்ளைச் சட்டைதான் சீருடை. கடைசியில் வெளிர்நீல ஆக்ஸ்ஃபர்ட் சட்டை முடிவானது. ஆக்ஸ்ஃபர்ட் துணியில் இழைகளை ஜோடி சேர்த்து நெய்கிறார்கள், அதனால் கொஞ்சம் கனமாக, சொரசொரப்பாக இருக்கும். உள்ளே போட்ட பனியன் தெரியாது. காலரின் இரண்டு முனையும் பொத்தானில் மாட்டியிருப்பதால் டை இல்லாமலே காலர் நிமிர்ந்து நிற்கும். பருத்தி என்பதால் வேர்வையையும் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் சட்டைகள் கசங்காதுதான், ஆனால் வேர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதின்ம வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெளிர் சாம்பல் நிறத்தையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சட்டையைப் போட்டதும் இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொன்னேன். இடுப்பு தெரிந்தால் சட்டை குட்டை. கைகளைத் தொங்கவிட்டால் அடி விளிம்பு ஜிப்பின் பாதி வரை வர வேண்டும். அந்த நீளம் இருந்தால் உள்ளே விட்டுக் கட்டினாலும் வெளியே விட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும்.

கால்சட்டைக்குக் கருநீல சீனோ, அதாவது பருத்தித் துணிக் கால்சட்டை. இடுப்புக்கு ஏற்ற அளவை எடுத்தால் கால் நீளம் காலணி மேல் வந்து மடிந்தது. சரி, அது தேக்கா வேலை. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய நூறு வெள்ளி. பள்ளி விழா, உறவினர் வீடு என்று பல இடத்துக்குப் போட முடியும் என்பதால் இந்த விலை எனக்கு உறுத்தவில்லை.

சாமர்செட்டில் ஏறி தோபி காட்டில் ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் மாடியில் துணிக்கடைகளும் தையல் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் போன கடையில் பெரியவர் ஒருவர், பையனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “போடப்போற ஷூ எங்கே?” நல்லவேளை, கொண்டு போயிருந்தோம். அதைப் போடச் சொல்லி, நேராக நிற்கவைத்து, குண்டூசி குத்தினார். குனிந்து பார்த்தால் கால்சட்டை மேலேறி அளவு தப்பிவிடும் என்று கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார்.

“துணிய வெட்டாதீங்க அண்ணே” என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே, “ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சு விடுறேன் தம்பி, அடுத்த வருஷம் பிரிச்சு இறக்கிக்கலாம்” என்றார். இந்த வயதில் முதலில் பாதம் வளரும், அடுத்து கால், உடம்பு கடைசியில்தான். சட்டை பொருந்தும்போதே கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவது அதனால்தான். அந்த மடிப்புத் துணி கால்சட்டையின் ஆயுளை நீட்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தால், பிரித்து இறக்கும்போது பழைய மடிப்புக் கோடு அவ்வளவாகத் தெரியாது. இதையும் அவர்தான் சொன்னார்.

காலணிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். பாதம்தான் முதலில் வளர்கிறதே. பளிச்சென்ற எழுத்தோ கோடோ இல்லாத சுத்தமான தோல் ஸ்னீக்கர் போதும்.

தீபாவளி நெருங்கினால் தேக்கா மாடியில் நிற்க இடம் இருக்காது, தையல்காரர்களுக்கும் ரவிக்கை வேலையே சரியாக இருக்கும். வார நாளில் போங்கள், காலணியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பையனையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கால்சட்டையை அளவுக்குக் கொடுத்தால் பழைய உயரத்துக்குத்தான் தைத்து வரும்.