பட்டுப்புழுவா, கறிவேப்பிலைப் புழுவா?

முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதெல்லாம் நாலரை வயது மகளுக்கு ஏறவே இல்லை. சரி, வளர்த்தே காட்டிவிடலாம் என்று சேலத்து வீட்டில் பட்டுப்புழு, கறிவேப்பிலைச் செடியில் வரும் வண்ணத்துப்பூச்சிப் புழு இரண்டையும் வளர்த்துப் பார்த்தோம். இன்னொரு முறை செய்வதென்றால் எனக்குக் கறிவேப்பிலைதான்.

பட்டுப்புழுவின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓமலூர் பக்கம் பட்டு வளர்க்கும் சொந்தக்காரர் முப்பது புழு கொடுத்தார். தட்டை விட்டு ஓடாது, கடிக்காது. நான்கு முறை தோல் உரித்து, அப்புறம் கூடு கட்டும். வெளிவரும் அந்துப்பூச்சி பறக்காமல் அங்கேயே ஜோடி சேர்ந்து தாளில் முட்டையிடும். முட்டையில் தொடங்கி முட்டையில் முடிவதைக் கண்ணெதிரே காட்ட இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இலை! மல்பெரி தவிர வேறெந்த இலையிலும் சரியாக வளராது. புழுவாக இருக்கும்போது தின்பதில் முக்கால் பங்குக்கு மேல், கூடு கட்டுவதற்கு முந்தைய ஏழெட்டு நாளில் தின்னும். வாடிய இலையைத் தொடாது, ஈர இலை போட்டால் நோய் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓமலூர் போய், ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தேன். ஒரு ஞாயிறு போக முடியவில்லை. மாலையில் அத்தனை புழுவும் தலையைத் தூக்கி இலை தேடி நின்றதைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். கடைசியில் நூற்றுக்கணக்கான முட்டை வேறு. மனிதர் வளர்க்காமல் பிழைக்காத பூச்சி, வெளியே விடவும் முடியாது.

கறிவேப்பிலையில் இந்தப் பாடே இல்லை. தொட்டிச் செடியின் தளிரில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தானாக வந்து முட்டை வைத்துவிட்டுப் போகும். குண்டூசித் தலை அளவு, வெளிர் மஞ்சள். மூன்று நான்கு நாளில் பொரிந்தது. "அம்மா, இலையில குருவி எச்சம் போட்டிருக்கு" என்றாள். அந்த எச்சம் நகர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வளர வளரப் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறக் கவைக்கொம்பு நீட்டும், நெடி அடிக்கும். அதற்காகவே தினமும் தொட்டாள். ஒருநாளுக்கு ஒருமுறைதான் என்று கட்டுப்படுத்தினேன்.

எறும்பும் குருவியும் விடாது என்பதால் கிளையை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே கொசுவலை போட்டோம். பஞ்சு இல்லாவிட்டால் புழு தண்ணீரில் விழுந்துவிடும். கடையில் வாங்கிய இலை வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். நாலு புழு இருந்தால் சின்னச் செடி மொட்டைதான், ஆனால் திரும்பத் துளிர்க்கும். ஒரு கூட்டிலிருந்து பூச்சிக்குப் பதிலாகப் பொடிக் குளவிகள் வந்தன. மகளிடம் மறைக்கவில்லை, புழுவைக் குளவி தின்று வளர்ந்தது என்றே சொன்னேன்.

இந்த இரண்டும் போக, தவளையின் தலைப்பிரட்டையும் ஒரே ஒரு மழைக்காலம் வைத்திருந்தோம், அதனால் அடித்துப் பேச மாட்டேன். பின்கால் முதலில் முளைப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது, தண்ணீர் மாற்றுவதுதான் அலுத்தது.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு, பக்கத்திலேயே மல்பெரித் தோட்டம் என்றால் பட்டுப்புழுவையே எடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது முறையாகத் தளிரில் முட்டை இருக்கிறது. இந்தத் தடவை கண்டுபிடித்தது அவள்தான்.