இரைப்பை சுருக்கி மூன்றரை வருடம்: எங்கள் சாப்பாட்டோடு நான் பட்டதும் பழகியதும்

2022 மார்ச் இரண்டாம் கிழமை கொழும்பில் எனக்கு ஸ்லீவ் ஒப்பரேஷன் செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போன்ற ஒடுக்கமான குழாயாக விட்டுவிடுவார்கள். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள், அவ்வளவுதான். அப்போது எனக்கு 41 வயது, உயரம் 157 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. பன்னிரண்டு வருடச் சீனி வருத்தம், இரண்டு நேர இன்சுலின், படி ஏற முடியாத முழங்கால். இப்போது 80 கிலோ. ஆகக் குறைந்தது 76 வரைக்கும் போனேன், அதிலிருந்து ஏன் நாலு கிலோ ஏறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இந்தப் பக்கத்தில் இதைச் செய்தவர்கள் குறைவு, அதனால் யாராவது கேள்விப்பட்டால் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள், எல்லோரும் கேட்பது நோவைப் பற்றியும் செலவைப் பற்றியும்தான். நோவு நாலைந்து நாளில் குறைந்துவிட்டது. நான் உண்மையில் கஷ்டப்பட்டது அதற்குப் பிறகு, எங்கள் சோற்றுக்கோப்பையோடு. அதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் ஊருக்கு வருவது. கொழும்பிலிருந்து எங்களுக்கு எட்டு மணித்தியால வழி. இரைப்பைத் தையல் ஒழுகினால் அது முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள் தெரியவரும் வாய்ப்பு அதிகம்: காய்ச்சல், நெஞ்சு படபடவென்று அடிப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவு, இடது தோள் நோவு. அப்படி ஒன்று வந்தால் வழியில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதால் கொழும்பிலேயே வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். காசு வீண் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. வான் வண்டியில் வரும்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தேன், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. நாட்டுப் பொருளாதார நெருக்கடியில் டீசல் வரிசை நீண்டு கிடந்த நாட்கள் அவை, வரிசையில் நின்ற நேரமெல்லாம் எனக்கு நடக்கக் கிடைத்தது.

கையில் தந்த சாப்பாட்டுத் தாளில் முதல் இரண்டு கிழமை தண்ணீர்ப் பதம், அடுத்த இரண்டு கிழமை அரைத்த பதம், பிறகு ஒரு மாதம் மெத்தென்ற பதம் என்று இருந்தது. ஒழுங்கு சரி. ஆனால் உதாரணத்துக்குப் போட்டிருந்ததெல்லாம் ஓட்ஸ், கோழி சூப், கொழுப்பு நீக்கிய யோகட், புரதத் தூள். அந்த வருடம் பால்மாவுக்கே கடைகடையாக அலைந்தோம், புரதத் தூளுக்கு எங்கே போவது! தாளைப் பார்த்துப் பார்த்து முதல் கிழமை அழுதேன். சோற்றுக் கஞ்சித் தண்ணியும் இளநீரும் பருப்பு அவித்த தண்ணியும்தான் போனது, முப்பது மில்லி மருந்துக் குடுவையால் கால் மணித்தியாலத்துக்கு ஒன்று.

அரைத்த பதத்துக்கு வந்தபோது மார்ச் முடிவு. பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டிய நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பிளெண்டர் வாங்கி வைத்தும் பயனில்லை, காஸும் இல்லை. அம்மா கல்லடுப்பில் பாரை மீனை மஞ்சள் போட்டு அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, அம்மியில் வைத்து மெழுகு போல அரைத்து, மிளகாய் இல்லாத பாலாணத்தில் (தேங்காய்ப்பால் குழம்பில்) கரைத்துத் தருவார். நாலு தேக்கரண்டி. அதுவே ஒரு நேரச் சாப்பாடு. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் தொடங்கியது. என்னோடு படிப்பிக்கும் கல்முனைக்குடி ரீச்சர் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார், அதை வடித்து இரண்டு நாளாக வைத்துக் குடித்தேன். அதில் புரதம் பெரிதாக இல்லை, அரிசிதான் கூட. ஆனாலும் இஞ்சி, உள்ளி, தேங்காய்ப்பால் மணக்கும் சாப்பாடு ஒன்று ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்க்குள் போனது எவ்வளவு ஆறுதல் என்பதைப் பட்டவர்தான் அறிவார்.

பிறகு கச்சான், எங்கள் பக்கத்து வரண்ட வெக்கைக் காற்று, தொடங்கியது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: ஜூன், ஜூலைக் கச்சானில் வாய் உலர்ந்து தோல் எரியும், முன்பு போல ஒரு செம்புத் தண்ணியை மடக்கென்று குடிக்கவும் முடியாது. மடக்கினால் நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி அடைக்கும். சாப்பாட்டோடு தண்ணி குடிக்கவும் கூடாது, சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழிய வேண்டும். இப்படி நேரத்தைக் கழித்துக் கழித்துப் பார்த்தால் ஒன்றரை லீற்றர் குடிக்க நாளில் நேரமே மிஞ்சாது. சிறுநீர் தேத்தண்ணி நிறத்துக்குப் போய், ஒரு நாள் காலைக் கூட்டத்தில் நின்றபடி தலை சுற்றி விழுந்து, சேலைன் ஏற்றித்தான் எழும்பினேன். அதன்பிறகு ஒரு சின்னப் போத்தலில் பேனாவால் மணி எழுதிக் கோடு போட்டேன். எட்டு மணிக் கோடு, ஒன்பது மணிக் கோடு. இன்றைக்கும் அந்தப் போத்தல் என் மேசையில்தான்.

இனிப் பிட்டு.

ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஒரு ஞாயிறு காலை. எல்லாப் பதமும் தாண்டிவிட்டேன், சோறு இரண்டு மூன்று கரண்டி போகிறது, ஆகவே பிட்டும் போகும் என்று நினைத்தேன். அம்மா அவித்த பிட்டு, இறால் குழம்பு. அடுக்களை மணத்திலேயே மனம் நிறைந்துபோய்ப் பழைய வேகத்தில் மூன்று வாய் வைத்துவிட்டேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. நெஞ்சின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாயில் உமிழ்நீர் நுரை நுரையாகச் சுரக்கிறது, மேலேயும் வராது கீழேயும் போகாது. கிணற்றடியில் குந்தி இருந்து முக்கால் மணித்தியாலம் நுரையைத் துப்பினேன். அம்மா மாரடைப்பு என்று நினைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டு கத்துகிறார், மகள் பயந்து நிற்கிறாள். கடைசியில் எல்லாம் மேலே வந்தது. மூன்று வாய்ப் பிட்டு!

டொக்டர் பிறகு விளக்கினார். குழாய் ஒடுக்கம், விரிந்து கொடுக்கும் பகுதியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்களே. பிட்டு, ரொட்டி, பாண் எல்லாம் மெல்லாமல் இறங்கினால் ஈரத்தை இழுத்து ஒரு கட்டியாகிவிடும். இடியப்பம் கொஞ்சம் மேல், சொதியில் நன்றாக ஊறினால். பிட்டை இப்போது சாப்பிடுகிறேன், பொய் சொல்லவில்லை: மூன்று விரலில் எடுக்கும் அளவு, தயிரில் ஊறவிட்டு, ஒவ்வொரு வாயும் கூழாகும் வரைக்கும் மென்று. கொத்துரொட்டியை மட்டும் விட்டுவிட்டேன், அதற்காக உட்கார்ந்து பட்ட பாடு போதும்.

இந்த நாளுக்குப் பிறகுதான் கோப்பையையே மாற்றினேன். நாங்கள் சாப்பிடும் முறையைப் பாருங்கள், நடுவில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றிக் கறி, மீன் ஒரு துண்டு, அதையும் கடைசி வாய்க்கென்று ஒதுக்கி வைப்போம். ஸ்லீவ் செய்தவர் அப்படிச் சாப்பிட்டால் சோற்றிலேயே இடம் முடிந்துவிடும், மீனைத் தொடவே முடியாது. எனக்கு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள், அது இல்லாமல் மெலிந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஆகவே மீன் முதலில், மரக்கறி அடுத்தது, இடமிருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு. தேநீர்ச் சாசர் அளவு கோப்பை, தேக்கரண்டி. கையால் பிசைந்து சாப்பிடுவதை ஒரு வருடம் நிறுத்தி வைத்தேன், கையால் எடுத்தால் ஒவ்வொரு வாயும் பெரிது, வேகம் தானாகக் கூடிவிடுகிறது.

அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சாப்பாடு இந்த வயிற்றுக்கு மிகவும் நல்லது, சோற்றை ஒதுக்கி வைத்துப் பார்க்கத் தெரிந்தால். வாவிக் கரையில் இருக்கிறோம், மீன் வாசலுக்கு வருகிறது. விளைமீன், பாரை, குளத்து யப்பான் மீன் (திலாப்பியா) மூன்றும் அவித்தால் பூப்போல உதிரும், லேசாக இறங்கும். சூரை உலர்ந்துபோய் அடைக்கும், ஆணத்தோடுதான் சாப்பிட வேண்டும். கணவாயை இரண்டாம் வருடம் வரைக்கும் தொடாதீர்கள். இறாலைப் பொடியாக வெட்டிக்கொள்ளலாம். அவித்த முட்டையை விட, தேங்காய்ப்பால் விட்டுக் கலக்கிய முட்டை எனக்கு லேசாக இருந்தது, ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் கிடைக்கும். பிறகு தயிர். எங்கள் எருமைத் தயிருக்கு இணையாக முதல் ஆறு மாதம் என்னைத் தாங்கியது வேறில்லை. துணியில் கட்டித் தொங்கவிட்டால் கட்டியாகும், கொஞ்சம் உப்பும் சீரகத் தூளும் போட்டு. கொழுப்புக் கூட என்பது உண்மை, அதனால் இரண்டு மூன்று மேசைக்கரண்டியோடு நிறுத்துவேன், பாணியோ சீனியோ சேர்ப்பதே இல்லை. பருப்பு, பயறு, கௌபி மூன்றையும் மாற்றி மாற்றி, தோல் தெரியாமல் கடைந்து.

பள்ளிக்கூட இடைவேளை இருபது நிமிடம். எனக்கு ஒரு சாசர் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். இதை அதிபரிடம் சொல்லி, இடைவேளைக்கு அடுத்த பாடத்தை எனக்கு ஓய்வுப் பாடமாக மாற்றித் தந்தார்கள். வேலை செய்பவர்கள் இதை வெட்கப்படாமல் கேளுங்கள். அவசரமாகச் சாப்பிட்டு வகுப்பில் வாந்தி எடுப்பதை விட அது நல்லது. தொடர்ந்து வாந்தி இருந்தால் பி1 விற்றமின் குறைந்து நரம்பைத் தாக்கும், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கும் விஷயமில்லை, உடனே காட்ட வேண்டும்.

வீட்டை மாற்றுவதுதான் ஆக நாள் எடுத்தது. எங்கள் ஊர்வழக்கப்படி அம்மாவோடுதான் இருக்கிறோம். “கோழிக்குஞ்சு பொறுக்குற மாதிரி இதென்ன தீனி புள்ள, ரெண்டு அகப்பை சோறு திண்டாத்தானே உடம்பு நிக்கும்,” என்று ஒவ்வொரு நாளும். அவருக்கு அது பாசம், எனக்குக் கண்ணீர். வெளியில் வேறு மாதிரி. அடுத்த வருடம் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனபோது ஒரு மாமி என் கையைப் பிடித்து, “சீனி முத்திட்டோ மகள்? இப்பிடி வத்திப் போனியே,” என்று எல்லோர் முன்னாலும் அழுதார். கலியாண வீட்டில் சாப்பாட்டை மீதி வைத்தால் சமைத்தவருக்குக் குறை. நான் இப்போது செய்வது, பந்தியில் உட்காரும் முன்பே வீட்டுக்காரரிடம் வயிற்றில் ஒப்பரேஷன் செய்தது என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுக் கோழியும் கரண்டி மரக்கறியும் மட்டும் கேட்பது. சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள். மறைத்த காலத்தில்தான் கதை கூடியது.

குளிசை விஷயத்தில் நான் விட்ட பிழையை யாரும் விட வேண்டாம். மல்ரிவிற்றமின், பி12, கல்சியம், டி, இரும்பு எல்லாம் ஆயுள் முழுக்க. 2022 கடைசியில் விலை எங்கேயோ போய்விட்டது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஐந்து மாதம் நிறுத்தினேன். நாக்கு வெந்து சிவந்தது, விரல் நுனி விறைத்தது, படி ஏற மூச்சு வாங்கியது. சோதித்தால் பி12ம் இரும்பும் அடியில் கிடந்தன. ஊசி போட்டுத்தான் தேறினேன். கல்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணித்தியால இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்போடு பிளேன்ரீ வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உறிஞ்ச விடாது, எங்கள் ஆட்களுக்குச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன். தலைமயிர் நாலாம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பத்தாம் மாதமளவில் திரும்ப முளைத்தது. தோல் தொங்குகிறது, அது தொங்கத்தான் செய்யும்.

இன்சுலின் ஒப்பரேஷன் அன்றைக்கு நிறுத்தினது, இன்னும் போடவில்லை. மெற்ஃபோர்மின் ஒன்று மட்டும் தொடர்கிறது. மூன்று மாதச் சீனிச் சோதனை ஒழுங்காக இருக்கிறது. முழங்கால் நோவுக்கு டிக்ளோஃபெனாக் வகைக் குளிசை எனக்கு இனி இல்லை, இரைப்பையைப் புண்ணாக்கும், பனடோல்தான். பார்மசியில் எதையாவது வாங்கும்போது ஒப்பரேஷன் செய்தவர் என்று சொல்லுங்கள்.

நாலு கிலோ ஏறிய கதை. இரைப்பையில் வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கிறது, அதனால் முதல் பத்து மாதம் பசி என்றால் என்னவென்றே தெரியாது. பிறகு மெல்ல மெல்ல வந்தது. அதோடு ஒரு பொறி இருக்கிறது: மீனும் பருப்பும் அடைக்கும் இதே குழாயில் பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிரீம், சீனித் தேத்தண்ணி எல்லாம் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். எவ்வளவு போனாலும் வயிறு நிற்கச் சொல்லாது. பரீட்சைத் தாள் திருத்திய ஒரு தவணை முழுக்க இரவில் கிரீம்கிரக்கரும் தேத்தண்ணியுமாக இருந்தேன், அங்கேதான் ஏறியது. அது வயிற்றுப் பசியில்லை, களைப்பு. இப்போது வீட்டில் பிஸ்கட் வாங்குவதில்லை, மகளுக்குக் கச்சான் கொட்டையும் பழமும்.

திரும்ப இதைச் செய்வாயா என்று கேட்டால் செய்வேன். ஒரேயொரு விஷயம் எனக்கு இன்னும் தீரவில்லை, நெஞ்செரிவு. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு இது வரும், முன்பே நெஞ்செரிவு உள்ளவர்கள் டொக்டரிடம் வேறு வகை ஒப்பரேஷனைப் பற்றியும் கேட்டுப்பாருங்கள், நான் கேட்கவில்லை. புளி கூடிய மீன் குழம்பும் செத்தல் மிளகாய்ச் சம்பலும் இரவில் தொட்டால் விடியும்வரை தொண்டைக்குள் எரியும். கட்டில் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிகிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒமிப்ரசோல். அடுத்த மாதம் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், போய் வந்ததும் அதையும் எழுதுகிறேன்.