400 நியூட்டன் மீட்டர், 20 கொண்டை ஊசி: செராமிக் கிளட்ச் அனுபவம்

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றிப் பவர் கூட்டுவது) பண்ணின ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டீசல் மேனுவலுக்கு என்ன கிளட்ச் போடலாம் என்று சேலம் நண்பர் கேட்டிருந்தார். கம்பெனி செட்டிங்கில் டார்க் (இன்ஜினின் திருப்பு விசை) 320 நியூட்டன் மீட்டர். ரீமேப்புக்கு அப்புறம் 400 பக்கம் வந்துவிடும். பழைய கிளட்ச் தாங்குகிறதா என்று தெரிய, ஓமலூர் ரோடு காலியாக இருக்கும்போது ஐந்தாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? ஸ்லிப்தான், அதாவது கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது. முதல் கியரில் இது பிடிபடாது.

என் வண்டியில் ஆறு பேட் செராமிக் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் கனமான பிரஷர் பிளேட், சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் ஒரே துண்டுச் சக்கரம்). பிடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. சூடு ஏற ஏற ஆர்கானிக் பிளேட் (சாதாரணமாகக் கம்பெனி போடும் வகை) பிடி தளரும்; இது சூட்டில்தான் இன்னும் நன்றாகக் கவ்வும்.

எரிச்சல் எல்லாம் ஏற்காடு ரோட்டில். மே மாதம் கோடை விழா நேரத்தில் அடிவாரம் தாண்டினதுமே பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, கொண்டை ஊசியில் நின்று நின்று கிளப்ப வேண்டும். செராமிக்கில் ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே கிடையாது. பெடல் ஒரு விரல் அளவு மேலே வந்ததும் படாரென்று கவ்வி, வண்டி மொத்தமும் உதறும். உதறாமல் இருக்க ஆர்பிஎம் ஏற்றினால், வளைவில் பாரம் குறைந்த உள்பக்க முன்சக்கரம் சும்மா சுற்றும். பின்னால் ஒரு கார் ஒட்டி நிற்கும்போது இது கோபம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், கிளட்சை மிதித்தால் நிற்கும். கியர் போட்டு ஓட்டும்போது சத்தம் இல்லையென்றால், பேரிங் போச்சு என்று யார் சொன்னாலும் கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்.

400க்கு 480, 500 தாங்கும் கிளட்ச் தாராளம். 700 தாங்கும் என்பதற்காக வாங்கினால் பெடல் கனம்தான் மிச்சம். ஆர்கானிக் பிளேட், கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட், புது டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைத் துண்டு): மலைக்கு இதுதான் சரி.

கியர்பாக்ஸ் இறங்கும்போதே பெடல் மிதிப்பைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள். அது பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) இருக்கிறது. பிறகு ஒழுகினால் மறுபடி எல்லாம் இறங்கணும். கிளட்சுக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. டப்பாவில் அளவு குறைந்து, நான்கு சக்கரத்திலும் ஒழுகல் இல்லாமல் காய்ந்திருந்தால் பெல் ஹவுசிங் அடியில் ஈரம் பாருங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட் இரண்டும் புதுசு போடணும். கழற்றின போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

மாட்டும்போது ஸ்ப்ளைனில் (பிளேட் நுழையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பல்வரி) கிரீஸ் பூசித் துடைத்துவிடணும். மிச்சம் இருந்தால் தெறித்துப் பிளேட்டில் ஒட்டி, முதல் நாளே உதறல் ஆரம்பிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். முதல் 800 கிலோமீட்டர் டவுனுக்குள், முழு பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கொடுக்காமல் ஓட்டுங்கள்.

கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறவருக்கு செராமிக்கைத் தாராளமாகச் சொல்வேன். சேலத்துக்காரருக்கு வேண்டாம். அடுத்து கியர்பாக்ஸ் இறங்கும்போது என் பிளேட்டும் வெளியேதான் போகும். அது இதுவரை ஒரு தடவைகூட ஸ்லிப் ஆனதில்லை.