அல்ஹம்ப்ராவை வரைய எது நல்லது: நீர்வண்ணமா, எண்ணெய்வண்ணமா?

ஸ்பெயினில் உள்ள கிரானடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் மர்டில் முற்றத்துக்குப் போனால் வண்ணப் பெட்டியைத் திறக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். நடுவே சுமார் 34 மீட்டர் நீளக் குளம், இரு கரையிலும் மர்டில் செடி வேலி, வடக்கே கொமாரெஸ் கோபுரம். வெயில், தண்ணீர், நிழல் மூன்றும் ஒரே பார்வையில் விழும் இடம்.

நிழலுக்கு நீர்வண்ணம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த அரண்மனையைக் கட்டிய நஸ்ரித் வம்சச் சுல்தான்கள் காலத்துச் சுதை வேலைப்பாட்டில் நிழல் கறுப்பாக இருப்பதில்லை. தரைப் பளிங்கில் பட்ட வெயில் மேலே தெறித்து வளைவுகளின் அடிப்பக்கத்தை ஆரஞ்சாக்குகிறது. வானத்தைப் பார்த்த விளிம்புகளோ நீலம். ஈரக் காகிதத்தில் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் அவையே கலந்து அந்த நிறத்தைத் தந்துவிடும். வெயில் பட்ட இடத்துக்குக் காகிதத்தின் வெண்மையே போதும். எண்ணெயில் இதற்கு வெள்ளையைச் சேர்க்கச் சேர்க்க நிழல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1912-இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸின் சின்னம் செதுக்கிய நீரூற்றுச் சுவரை நீர்வண்ணத்தில்தான் தீட்டினார். கல்லின் மேடுபள்ளம் முழுவதையும் நிழலே சொல்லிவிடுகிறது.

சரி, குளம்? இங்கே கதை மாறுகிறது. இரு முனைகளிலும் தரைமட்டத்தில் உள்ள வட்டத் தொட்டிகளிலிருந்து தண்ணீர் மெதுவாக வந்து சேர்வதால் குளம் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். ஆனாலும் அது வெறும் நகல் அல்ல. வெயில் பட்ட கோபுரம் தண்ணீரில் ஒரு படி மங்கும். கரும்பச்சை வேலி ஒரு படி வெளிறும். எண்ணெயில் முதலில் இருட்டைப் போட்டு, அதன்மேல் கோபுரத்தின் மஞ்சளைக் கீழ்நோக்கி இழுத்து, கடைசியில் காற்று கீறிய வெள்ளிக்கோட்டை ஒரே வீச்சில் குறுக்கே வைக்கலாம். நீர்வண்ணத்தில் அந்தக் கோட்டுக்கு முதலிலேயே இடம் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளேடால் சுரண்ட வேண்டும். கிரானடா இருக்கும் ஆந்தலூசியப் பகுதியின் வறண்ட கோடையில் பெரிய பூச்சு பாதியிலேயே காய்ந்து வரம்பு கட்டிவிடும். 1909, 1910, 1917 ஆண்டுகளில் கிரானடாவுக்கு வந்த ஸ்பானிய ஓவியர் சொரோயா எண்ணெயையே நம்பியதில் எனக்கு வியப்பில்லை.

அதே அரண்மனையின் சிங்க முற்றத்தில் தண்ணீர் மெல்லிய வாய்க்கால்களில்தான் ஓடுகிறது. அங்கே 124 தூண்களின் நிழல்தான் படம். நீர்வண்ணமே போதும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதா? காலையில் தூண்களுக்கு நடுவே ஒரு சின்ன நீர்வண்ணப் பெட்டி. அப்புறம் குளத்தின் தென்முனையில், உள்ளங்கை அகலப் பலகையில் எண்ணெய்.